ஆன்லைன் கேம் ஐடியைத் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி? பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வழிகாட்டி

 

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பையை இறக்கி வைத்ததும் கையில் எடுப்பது இன்று செல்போன்தான். புதுச்சேரியில் வைத்திக்குப்பமோ முத்தியால்பேட்டையோ, எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் இதுதான் நிலை. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், ரோப்லாக்ஸ், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற பெயர்கள் தெரியாத பெற்றோருக்கும் அந்தத் துப்பாக்கிச் சத்தம் பழகிவிட்டது. பிள்ளைகள் இவற்றை விளையாடலாமா, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதெல்லாம் தனியே பேச வேண்டிய விஷயங்கள். இங்கே நாம் எடுத்துக்கொள்வது விளையாடுகிற பிள்ளையின் கேம் ஐடி எப்படித் திருட்டுப் போகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதை மட்டுமே.

"என் ஐடியை ஹேக் பண்ணிட்டாங்க" என்று பிள்ளை வந்து நின்றால், "விட்டது தொல்லை, இனியாவது படி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் கேம் ஐடி தனியாக நிற்பதில்லை. பெரும்பாலும் அது ஒரு கூகுள் கணக்கிலோ பேஸ்புக் கணக்கிலோ தொங்குகிறது. அந்தக் கணக்கு பல வீடுகளில் வாப்பாவுடையது அல்லது உம்மாவுடையது. அதே போனில்தான் வங்கி ஆப், ஜிபே, குடும்பப் புகைப்படங்கள், ஆதார் நகல் எல்லாம் இருக்கின்றன. கேம் ஐடியைக் கேட்டு வருபவனுக்குப் பிள்ளை கொடுப்பது சில நேரங்களில் வீட்டுச் சாவியாகவே ஆகிவிடுகிறது.

ஐடி எதில் தொங்குகிறது?

ஓர் உதாரணத்துக்கு வைத்திக்குப்பத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். வாப்பா பழைய போனை 8-ஆம் வகுப்பு படிக்கும் மகனிடம் கொடுத்திருக்கிறார். போன் பழையது என்றாலும் அதில் இருக்கும் ஜிமெயில் வாப்பாவின் புதிய போனிலும் இருக்கும் அதே ஜிமெயில்தான். மகன் கேமைத் திறந்து "கூகுள் மூலம் நுழை" என்று அழுத்துகிறான். அவ்வளவுதான், அவனுடைய ஐடி வாப்பாவின் ஜிமெயிலோடு இணைந்துவிட்டது. அந்த ஜிமெயிலை மீட்பதற்கான எண்ணாக வாப்பாவின் சிம் இருக்கிறது.

ஆக இங்கே மூன்று அடுக்குகள் இருக்கின்றன. மேலே கேம் ஐடி. அதன் கீழே கூகுள், பேஸ்புக் போன்ற கணக்கு. அடியில் சிம் எண்ணும் போனும். பிள்ளை மேல் அடுக்கை மட்டும் பார்க்கிறான். திருடன் நடு அடுக்கைக் குறி வைக்கிறான்.

எல்லாக் கேம்களும் ஒரே மாதிரி அல்ல. ரோப்லாக்ஸ், ஸ்டீம் போன்றவற்றுக்குத் தனிப் பாஸ்வேர்டு உண்டு. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் நடத்தும் சூப்பர்செல் நிறுவனத்தின் ஐடிக்குப் பாஸ்வேர்டே கிடையாது. உள்ளே நுழையும்போது மின்னஞ்சலுக்கு 6 இலக்கக் குறியீடு வரும். அப்படியானால் மின்னஞ்சல் யார் கையில் இருக்கிறதோ ஐடியும் அவர் கையில். சில கேம்களில் "கெஸ்ட்" என்று எதையும் இணைக்காமலே விளையாடலாம். அப்படித் தொடங்கிய ஐடி அந்தப் போனோடு கட்டுப்பட்டது. போன் பழுதாகி ரீசெட் செய்தால் ஐடியை மீட்பது மிகவும் கடினம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேமுக்குள் தெரியும் பிளேயர் எண், அதாவது யுஐடி, இரகசியம் அல்ல. அது வீட்டு விலாசம் மாதிரி, நண்பர்களுக்குக் கொடுக்கலாம். பாஸ்வேர்டும் ஓடிபியும் சாவி. விலாசம் மட்டும் தெரிந்தவன் கதவைத் திறக்க முடியாது. யுஐடியை மட்டும் கேட்டுத் தொடங்குபவன் அடுத்த நிமிடமே பாஸ்வேர்டைக் கேட்டால் அவன் யார் என்பது தெரிந்துவிடும்.

எதற்காகத் திருடுகிறார்கள்?

யுசி, டைமண்ட், ரோபக்ஸ் என்று கேமுக்குள் ஓடுவதெல்லாம் ஒருவர் உண்மையான ரூபாயைக் கொடுத்து வாங்கியவை. அரிய உடைகளும் துப்பாக்கி ஸ்கின்களும் உள்ள ஐடிகளை டெலிகிராம், இன்ஸ்டாகிராம் வழியே விலை பேசுகிறார்கள். இது சிறு பிள்ளைகளின் குறும்பு என்று நினைத்தால் தவறு. கணினி கேம்களுக்கான ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் தானே அறிவித்தது. அது ஒரே ஒரு தளத்தின் கணக்கு.

ஐடியிலுள்ள பொருளை விற்பது முதல் இலாபம். அந்த ஐடியிலிருந்து நண்பர்களுக்குச் செய்தி அனுப்பி அவர்களையும் வீழ்த்துவது இரண்டாவது. பின்னால் இருக்கும் ஜிமெயிலுக்குள் நுழைந்து அதன் வழியே மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றுவது மூன்றாவது. குடும்பத்துக்குப் பெரிய நஷ்டம் வருவது இந்த மூன்றாவதில்தான்.

தூண்டில்கள் எப்படிப்பட்டவை?

பிஷிங் என்ற ஆங்கிலச் சொல் தூண்டில் போடுவதிலிருந்து வந்தது. கடலோரத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூண்டில்காரன் மீனைத் துரத்துவதில்லை, அதற்குப் பிடித்த இரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். பிள்ளைகளுக்குப் போடப்படும் இரைகளில் முக்கியமானவை இவை.

1. இலவச டைமண்ட், இலவச யுசி. ஒரு லிங்க் வரும். திறந்தால் கேமின் படங்களோடு அழகான பக்கம். "பேஸ்புக்கில் நுழைந்து பரிசைப் பெற்றுக்கொள்" என்று இருக்கும். வருவது பேஸ்புக் பக்கம் போலவே தோற்றமளிக்கும் போலிப் பக்கம். பிள்ளை தட்டும் பாஸ்வேர்டு நேராகத் திருடனிடம் போய்ச் சேர்கிறது. பிறகு "பாஸ்வேர்டு தவறு" என்று காட்டிவிட்டு உண்மையான பேஸ்புக்குக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. பிள்ளை மறுபடி தட்டி உள்ளே போய்விடுவதால் எதுவும் நடந்ததாகவே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மேலே இருக்கும் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். அங்கே கடைசியாக இருக்கும் பெயர்தான் சொந்தக்காரர் பெயர். "பேஸ்புக் டாட் காம்" என்று முடிந்தால் அது பேஸ்புக். "பேஸ்புக் டாட் காம் டாட் ப்ரீகிப்ட் டாட் ஏதோ ஒன்று" என்று நீண்டால் பேஸ்புக் என்ற சொல் வெறும் வேஷம். பூட்டுப் படம் இருப்பதை வைத்து நம்பிவிடக் கூடாது. போலிப் பக்கங்களுக்கும் பூட்டுப் படம் வரும்.

2. வெளியிலிருந்து இறக்கும் ஏபிகே. இந்தப் பழக்கம் நம் நாட்டில் பரவியதற்கு ஒரு பின்னணி உண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 ஆப்களைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவமாக பிஜிஎம்ஐ வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைக்குள்ளானது, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்தது. 2022 ஜூலை இறுதியில் பிஜிஎம்ஐயும் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில்தான் திரும்பி வந்தது. ஸ்டோரில் கேம் கிடைக்காத மாதங்களில் பிள்ளைகள் யூடியூப் வீடியோவின் கீழே இருந்த லிங்க்கிலும் டெலிகிராம் குழுவிலும் ஏபிகே தேடப் பழகினார்கள். கேம்கள் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இப்போது அதே வழியில் "மோட் ஏபிகே", "எய்ம் ஹேக்", "டைமண்ட் ஜெனரேட்டர்" என்று வருகின்றன. டைமண்ட் இருப்பு கேம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நம் போனில் போடும் ஓர் ஆப் அதை உயர்த்திவிட முடியாது. அப்படிச் சொல்லும் ஆப் ஒன்று விளம்பரம் காட்டிக் காசு பார்க்கிறது, அல்லது போனுக்குள் இருப்பதைத் திருடுகிறது. ஒரு கேம் ஆப் எஸ்எம்எஸ் படிக்கவோ "ஆக்சஸிபிலிட்டி" அனுமதியோ கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். எஸ்எம்எஸ் படிக்க முடிந்தால் வங்கி ஓடிபியையும் படிக்க முடியும்.

3. மிரட்டல். "உங்கள் ஐடி மீது புகார் வந்துள்ளது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும், உறுதி செய்ய இங்கே நுழையுங்கள்" என்று கேம் நிறுவனத்தின் பெயரில் வரும். நிறுவனத்தின் ஊழியருக்கு உங்கள் பாஸ்வேர்டோ ஓடிபியோ தேவையில்லை. அவசரப்படுத்தும் செய்தி வந்தால் லிங்க்கைத் தொடாமல், கேமை நேராகத் திறந்து உள்ளே ஏதேனும் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

4. நண்பன் போல வருபவன். "ப்ரோ, டோர்னமெண்ட்டுக்கு உன் பேரைக் கொடுத்திருக்கேன், உன் நம்பருக்கு ஒரு கோடு வரும், சொல்லு." வருவது டோர்னமெண்ட் கோடு அல்ல. அது கூகுளுக்கோ வாட்ஸ்அப்புக்கோ நுழைவதற்கான ஓடிபி. கேட்பது உண்மையான நண்பனின் ஐடியாகவே இருக்கலாம், அது ஏற்கெனவே திருடப்பட்டிருந்தால். டிஸ்கார்டு பயன்படுத்தும் பிள்ளைகளிடம் "இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணு, நைட்ரோ கிடைக்கும்" என்பார்கள். அந்த ஸ்கேன் பிள்ளையின் கணக்கைத் திருடனின் கணினியில் திறந்துவிடும் சாவியாகிவிடும்.

5. பரிசுப் பணம். "500 ரூபாய் ஜெயிச்சிருக்கே, பின் போட்டு வாங்கிக்கோ." யுபிஐ பின் பணம் அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் மட்டுமே. பணம் பெறுவதற்குப் பின் ஒருபோதும் தேவையில்லை.

6. ஐடி வாங்குதல், விற்றல். குறைந்த விலைக்குப் பெரிய ஐடி என்று பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். ஐடியைக் கொடுத்தாலும், அசல் கூகுள் கணக்கு அவர்களிடமே இருந்தால் சில நாட்களில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இந்த விற்பனையைக் கேம் நிறுவனங்கள் பொதுவாகத் தங்கள் விதிகளில் தடுத்திருப்பதால், ஏமாந்தவர் அங்கே போய் முறையிடவும் முடியாது.

பூட்டுப் போடும் முறை

முதலில் நடு அடுக்கைப் பூட்டுங்கள், அதாவது கூகுள் கணக்கை. போனின் செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குப் போய்க் கணக்கைத் திறந்தால் பாதுகாப்பு என்ற பிரிவு இருக்கும். அங்கே செய்ய வேண்டியவை:

• டூ ஸ்டெப் வெரிபிகேஷனை இயக்குங்கள். அதன் பிறகு பாஸ்வேர்டு திருடப்பட்டாலும் இரண்டாவது பூட்டைத் தாண்ட வேண்டும். பேக்கப் கோடு என்று 8 இலக்கத்தில் 10 எண்கள் கொடுப்பார்கள். அவற்றைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். போன் தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும்.

• "உங்கள் சாதனங்கள்" பட்டியலைப் பாருங்கள். தெரியாத போனோ கணினியோ இருந்தால் வெளியேற்றுங்கள். விற்றுவிட்ட பழைய போன் இன்னும் பட்டியலில் இருந்தால் அதையும் நீக்குங்கள்.

• மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் சரியானவையா என்று பாருங்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை வெளிநாட்டில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வளைகுடாவுக்கோ பிரான்சுக்கோ போகிறவர் இங்குள்ள சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார். முடக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இந்தியாவில் உள்ள நடைமுறை. அந்த எண்தான் வீட்டு ஜிமெயிலின் மீட்பு எண்ணாக இருந்தால், ஓடிபி இனி முகம் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். பயணம் புறப்படும் முன்பே எண்ணை மாற்றிவிடுங்கள், அல்லது சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

பேஸ்புக்கில் இணைத்திருந்தால் அங்கேயும் இதே வேலைகள் உண்டு. அக்கவுண்ட்ஸ் சென்டரில் பாஸ்வேர்டு, பாதுகாப்புப் பகுதிக்குப் போய் டூ ஃபேக்டரை இயக்குங்கள், எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்று பாருங்கள். பேஸ்புக் வழியே இணைந்திருக்கும் ஆப்களின் பட்டியலில் பழைய, தெரியாத ஆப்களை நீக்குங்கள். பிறகு கேமின் செட்டிங்ஸைத் திறந்து, ஐடியோடு என்னென்ன கணக்குகள் இணைந்திருக்கின்றன என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணக்கு ஒன்று இணைந்திருந்தால் யாரோ பின்கதவு வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பாஸ்வேர்டு ஒவ்வொரு இடத்துக்கும் வேறாக இருக்க வேண்டும். 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நடந்த ஊடுருவலில் சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்கு உள்ளாயின. தவறு பயனாளர்களுடையது அல்ல. ஆனால் ஓரிடத்தில் வெளியான பாஸ்வேர்டை வைத்துத் திருடர்கள் மற்ற எல்லாத் தளங்களின் கதவையும் தட்டிப் பார்ப்பார்கள். ஒரே பாஸ்வேர்டை எங்கும் வைத்திருப்பவருக்கு ஒரு கதவு உடைந்தால் எல்லாக் கதவுகளும் உடைந்த மாதிரிதான். பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைப்பதை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தொடர்ந்து தட்டுங்கள். நினைவில் நிற்கும், ஊகிப்பது கடினம். பாஸ்கீ வசதி உள்ள இடங்களில் அதையே வைத்துக்கொள்ளலாம். கைரேகையாலோ போன் பூட்டாலோ திறக்கும் பாஸ்கீ போலிப் பக்கத்தில் வேலை செய்யாது.

பிள்ளைக்குத் தனிக் கணக்கு

நம் உதாரண வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே செய்ய வேண்டிய மிக முக்கியமான மாற்றம், மகனின் கேமை வாப்பாவின் ஜிமெயிலிலிருந்து பிரிப்பது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஃபேமிலி லிங்க் மூலம் பெற்றோர் கண்காணிப்பில் தனிக் கூகுள் கணக்கு தொடங்கலாம். புதிய ஆப் இறக்குவதற்கும் பணம் செலவழிப்பதற்கும் பெற்றோரின் அனுமதி கேட்கும்படி அதில் அமைக்க முடியும். கேமை அந்தக் கணக்கில் தொடங்கினால், ஐடி போனாலும் வாப்பாவின் மின்னஞ்சல் பத்திரமாக இருக்கும்.

பிள்ளை விளையாடும் போனில் வங்கி ஆப்பும் யுபிஐயும் வேண்டாம். வேறு போன் இல்லாத வீடுகளில் அந்த ஆப்களுக்குத் தனிப் பூட்டுப் போட்டு, அந்த எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாமல் வையுங்கள். ப்ளே ஸ்டோரில் ஏடிஎம் கார்டைச் சேமித்து வைக்காதீர்கள். வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி வையுங்கள். தெரியாத இடத்திலிருந்து ஆப் இறக்கும் அனுமதியை பிரவுசருக்கும் டெலிகிராமுக்கும் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமா பெருநாளுக்கு அன்பளிப்பாக டாப்-அப் அனுப்ப விரும்பினால், கிப்ட் கார்டு எண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல் பெற்றோரிடம் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் சுரண்டியவருக்கே அந்த எண் சொந்தம்.

பணம் வைத்து ஆடும் கேம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் யூனியன் பிரதேசமான புதுச்சேரியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் கேம்களை நாடு முழுவதற்கும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகவே "100 ரூபாய் கட்டு, 1,000 ரூபாய் ஜெயி" என்று வரும் லிங்க்கைச் சட்டத்துக்கு வெளியே நிற்பவன் அனுப்பிய லிங்க் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கம் சூதை எப்படிப் பார்க்கிறது என்பது நாம் அறிந்ததே.

ஐடி போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம்

வரிசை முக்கியம். பலர் கேமிலிருந்து தொடங்கி நேரத்தை இழக்கிறார்கள்.

முதலில் பணம். வங்கிக் கணக்கிலிருந்து ஏதேனும் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். நடுவில் நிறுத்திவைக்க வேண்டுமானால் நேரம்தான் துணை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வேறொருவரால் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ஓடிபியையோ பின்னையோ நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை போனது நம் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது.

இரண்டாவது, கூகுள் அல்லது பேஸ்புக் கணக்கு. சந்தேகமான ஆப் இருக்கும் போனை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்துவிட்டு வேறொரு போனில் இதைச் செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். திருடன் சேர்த்து வைத்த மீட்பு எண்ணை நீக்குங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் உங்கள் அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படுகின்றனவா என்றும் பாருங்கள். உள்ளேயே நுழைய முடியாவிட்டால் கூகுளின் அக்கவுண்ட் ரெக்கவரி பக்கத்துக்குப் போங்கள். வழக்கமாகப் பயன்படுத்திய போனிலிருந்தும் வீட்டு வைஃபையிலிருந்தும் முயன்றால் மீட்க வாய்ப்பு அதிகம். அதற்கு முன் அந்தப் போனிலுள்ள சந்தேக ஆப்பை நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, கேம் நிறுவனம். கேமுக்குள் இருக்கும் ஹெல்ப் அல்லது கஸ்டமர் சர்வீஸ் வழியே எழுதுங்கள். யுஐடி, ஐடி தொடங்கிய மாதம், முதலில் பயன்படுத்திய போன், ப்ளே ஸ்டோரில் வாங்கியதற்கு மின்னஞ்சலில் வந்த ரசீதின் "ஜிபிஏ" என்று தொடங்கும் ஆர்டர் எண் ஆகியவை நீங்கள்தான் சொந்தக்காரர் என்று நிரூபிக்கும். இவற்றை இப்போதே ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டால் அன்று தேட வேண்டியதில்லை. கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி வரும் எண்ணை நம்பாதீர்கள். "போன ஐடியை மீட்டுத் தருகிறேன்" என்று இன்ஸ்டாகிராமில் முன்பணம் கேட்பவன் இரண்டாவது திருடன்.

நான்காவது, புகார். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். புதுச்சேரியில் காவல்துறைக்குத் தனி சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. உரையாடல்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, லிங்க்கின் முழு முகவரி, பணப் பரிமாற்றத்தின் யுடிஆர் எண் ஆகியவற்றோடு போங்கள். பிறகு பிள்ளையின் நண்பர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், அந்த ஐடியிலிருந்து வரும் எதையும் நம்பக் கூடாதென்று.

நம் பிள்ளையே எடுத்தால்?

இதையும் பேசியாக வேண்டும். நண்பனின் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு "சும்மா விளையாட்டுக்கு" அவன் ஐடிக்குள் நுழைவதும், உள்ளே இருப்பதைத் தனக்கு மாற்றிக்கொள்வதும் பிள்ளைகளிடையே நடக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதற்கும், 66டி பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. 18 வயது நிரம்பாதவர் மீதான வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் தொட முடியாத டைமண்டுக்கு என்ன மதிப்பு என்று பிள்ளை கேட்கலாம். ஒருவர் பணமும் உழைப்பும் போட்டுச் சேர்த்ததை அவர் சம்மதமில்லாமல் எடுப்பது பிறர் உரிமையைப் பறிப்பதுதான். நம்பிச் சொன்ன பாஸ்வேர்டு அமானிதம். மதரஸாவில் அமானிதத்தைப் பற்றிப் படிக்கும் பிள்ளைக்கு இந்த உதாரணம் சட்டென்று புரியும்.

பிள்ளை வாய் திறக்க வேண்டும்

மேலே சொன்ன பூட்டுகள் எல்லாம் ஓரளவுக்குத்தான் காக்கும். திருடன் நம்பியிருப்பது பிள்ளையின் பயத்தை. "வீட்டுல தெரிஞ்சா போனைப் பிடுங்கிடுவாங்க" என்று பிள்ளை நினைக்கும்வரை அவனுக்குக் கவலையில்லை. முதலில் ஓடிபி கேட்பான். பிறகு "வாப்பாகிட்ட சொல்லிடுவேன், இன்னும் 2,000 ரூபாய் அனுப்பு" என்பான். பிறகு படம் கேட்பான். ஒரு ஐடியில் தொடங்கிய விஷயம் இப்படி மிரட்டலாக வளர்வதற்குக் காரணம், முதல் நாள் வீட்டில் சொல்ல முடியாமல் போனதுதான். தாங்க முடியாத பயத்தில் பிள்ளைகள் தவறான முடிவுகளுக்குப் போகும் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

எனவே பெற்றோர்கள் பிள்ளைக்கு ஒரு வாக்குக் கொடுங்கள்: "போன்ல என்ன தப்பு நடந்தாலும் உடனே வந்து சொல்லு. சொன்னதுக்காகத் திட்ட மாட்டோம், போனைப் பிடுங்க மாட்டோம். முதல்ல சரி பண்ணுவோம், அப்புறம் பேசுவோம்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒரே ஒரு முறை சொன்னதற்காக அடி விழுந்தால், அடுத்த முறை பிள்ளை நம்மிடம் வராது. உம்மாவிடம் சொல்லத் தயங்கும் பிள்ளை நன்னியிடமோ பள்ளி ஆசிரியரிடமோ மதரஸா உஸ்தாதிடமோ சொல்லலாம் என்றும் சொல்லி வையுங்கள்.

இன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கிப் பிள்ளையோடு உட்காருங்கள். அவனையே கேமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐடி எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். டூ ஸ்டெப்பை இயக்குங்கள், சாதனப் பட்டியலையும் மீட்பு எண்ணையும் சரிபாருங்கள், பேக்கப் கோடுகளை எழுதி வையுங்கள், 1930 என்ற எண்ணைப் போனில் சேமியுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் மனது வைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸா வகுப்பில் விவரம் தெரிந்த இளைஞர் ஒருவரை வைத்து இதையே எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்துகாட்டலாம். இன்ஷா அல்லாஹ், பல வீடுகளுக்கு அது பயன் தரும்.